கவரிமா போட்ட தடம்: எவரெஸ்ட் அடிவார நடை பிறந்த கதை

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கிறவர்கள் எல்லோர் கையிலும் ஏறத்தாழ ஒரே அட்டவணைதான் இருக்கிறது. முதல் நாள் விமானத்தில் லுக்லா, அங்கிருந்து நடந்து பாக்டிங். இரண்டாம் நாள் நாம்சே பஜார். மூன்றாம் நாளும் நாம்சேதான். அப்புறம் தெங்போச்சே, அப்புறம் டிங்போச்சே. மறுநாளும் டிங்போச்சேதான். பிறகு லோபுச்சே, கோரக் ஷெப், அடிவார முகாம். மறுநாள் விடியுமுன் காலா பத்தர். இறங்க மூன்று நாள்.

நான் போனபோதும் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஏறும்போது அது வெறும் கால அட்டவணை. இறங்கும்போது எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கையெழுத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. ஒரு வரியை உப்பு வியாபாரிகள் எழுதியிருக்கிறார்கள், இன்னொன்றை ஒரு லாமா. ஒன்றை மருத்துவமனை கட்ட வந்த ஒரு மனிதர் தெரியாமல் எழுதிவிட்டார். "மறுநாளும்" என்று வருகிற இரண்டு வரிகளை நோயும் சாவும் எழுதின. மேலே போகப் போக வருகிற பெயர்களையெல்லாம் எழுதியவை மாடுகள்.

மாடுகளிலிருந்தே தொடங்குகிறேன். கதை தொடங்கியதும் அங்கேதான்.

ஷெர்ப்பா என்றால் கிழக்கத்தியார். 'ஷர்' என்றால் கிழக்கு, 'பா' என்றால் ஆட்கள். கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டு, பனி மூடிய கணவாய் தாண்டி எவரெஸ்டின் தெற்குப் பக்கப் பள்ளத்தாக்குகளுக்கு வந்தவர்கள். சுமை தூக்குவது அவர்களுக்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட தொழில். 'ஷெர்ப்பா' என்ற சொல்லையே அந்தத் தொழிலின் பெயராக உலகம் ஆக்கிவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம். அது ஓர் இனத்தின் பெயர், ஒரு மொழியின் பெயர். அவர்கள் உழவர்கள், மாடு வளர்ப்பவர்கள், வியாபாரிகள்.

கும்பு என்று அவர்கள் அழைக்கும் அந்த மேட்டுப் பள்ளத்தாக்கில், நாம்சே, கும்ஜுங், குண்டே, தாமே, பாங்போச்சே போன்ற நிலையான ஊர்கள் 3,400 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. வீடும் உருளைக்கிழங்குத் தோட்டமும் அங்கே. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வீடு போதாது. மழைக்காலம் தொடங்கியதும் பனி விலகிய மேட்டில் புல் எழும். ஊருக்குள் மாடு நின்றால் பயிர் மிஞ்சாது. ஆகவே யாக்குகளையும், அவற்றின் பெண்ணினமான நாக்குகளையும் மேலே ஓட்டிப்போவார்கள். எந்தத் தேதிக்கு மேல் எந்தப் பகுதியில் மாடு நிற்கக் கூடாது என்று ஊரார் கூடி முடிவு செய்வார்கள். அதை மீறாமல் பார்த்துக்கொள்ள 'நாவா' என்ற காவல் பொறுப்பு முறைவைத்து வரும். மீறினால் அபராதம்.

அந்த மேய்ச்சல் மேடுகளில் குடும்பத்துக்கொரு கல்குடிசை உண்டு. 'யெர்சா' என்பார்கள், கோடை வாசம் என்ற பொருளில். அடுக்கிய கல் சுவர், மேலே பலகை, காற்றில் பலகை பறக்காமலிருக்க அதன்மேல் கனத்த கற்கள். குடிசையைச் சுற்றி வைக்கோலுக்காகப் புல் வளர்க்கும் நிலம், அதற்கும் கல்வேலி. பெரிச்சே அப்படியோர் இடம். லோபுச்சே அப்படியோர் இடம். டிங்போச்சே மட்டும் கொஞ்சம் வேறு: 4,400 மீட்டரில் ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பார்லி விளைவிக்கிற ஊர். இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்ததெல்லாம் தண்ணீர், புல், காற்றின் மறைவு. இன்றைக்கு நாம் லாட்ஜில் படுத்து எழுகிற இடங்கள் அத்தனையும் அன்று மாடு கட்டிய இடங்கள்.

இந்த மாடு நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்கள் இமயத்தைச் சொல்லும்போது கூடவே சொல்லும் கவரி இதுதான். பின்னால் யாரோ அதை மானாக்கி, முடி உதிர்ந்தால் உயிர் விடும் கவரிமான் என்று பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். மா என்றால் விலங்கு. கவரிமா மானல்ல, மலைமாடு. தரையைத் தொடும் முடியும், உறுமலைப்போன்ற குரலும், குறுகிய பாதையில் எதிரே வந்தால் மலையோரமாக ஒதுங்கி நிற்க வேண்டிய அகலமுமாக அதை நேரில் பார்த்தபோது, ஈராயிரம் ஆண்டுக்கு முன் தெற்கே இருந்துகொண்டு இதைக் கேள்விப்பட்டிருந்த அந்தப் புலவர்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மாடுகள் மேலே இருப்பது மழைக்காலத்தில். வானம் தெளிந்து மலைகள் தெரிவது ஐப்பசி, கார்த்திகையிலும், பிறகு பங்குனி, சித்திரையிலும். அதாவது நடைப்பயணிகள் வருகிற பருவத்தில் பெரும்பாலான யெர்சாக்கள் காலியாக இருந்தன. ஆள் இல்லாத குடிசை, கூரை இருக்கிறது, அடுப்புக் கல் இருக்கிறது. பின்னாளில் நடந்ததெல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் நடந்தது.

நாம்சே வேறு கதை. ஆற்றின் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டர் செங்குத்தாக ஏறினால், குதிரை லாடம்போல வளைந்த சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் தெரியும். அங்கிருந்து மேற்கே பிரியும் பள்ளத்தாக்கு தாமே வழியாக நாங்பா லா கணவாய்க்குப் போகிறது. உயரம் 5,700 மீட்டருக்கு மேல். திபெத்திலிருந்து அந்தப் பனிக்கணவாய் தாண்டி உப்பும் கம்பளியும் வந்தன. தெற்கிலிருந்து தானியம் போயிற்று. நடுவில் நின்று கைமாற்றியவர்கள் நாம்சேக்காரர்கள். அந்த வரும்படியும், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்து சேர்ந்த உருளைக்கிழங்கும் கும்புவுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தன. 1916இல் லாமா குலு தெங்போச்சேயில் மடாலயம் தொடங்கினார். 1934 நிலநடுக்கத்தில் அது இடிந்தது, கட்டினார்கள். 1989இல் மின்கசிவால் எரிந்தது, மறுபடியும் கட்டினார்கள். காட்டின் நடுவே, எவரெஸ்டும் அமா தப்லாமும் ஒன்றாகத் தெரிகிற மேட்டில் அது நிற்கிறது. அட்டவணையில் அந்த ஊர் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வெளியாட்கள் வருவதற்கு நேபாளக் கதவு திறக்க வேண்டியிருந்தது. 1949 வரை அது மூடியே இருந்தது. 1920களிலும் 30களிலும் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுக்கள் எல்லாம் டார்ஜிலிங்கில் ஆள் சேர்த்துக்கொண்டு திபெத் வழியாக வடக்கே சுற்றிப் போயின. சேர்க்கப்பட்ட ஆட்களில் பலர், பிழைப்புத் தேடி டார்ஜிலிங்குக்கு நடந்து வந்திருந்த கும்பு ஷெர்ப்பாக்கள். தம் ஊரின் பின்பக்கத்துக்குத் தாமே வெளிநாட்டுக்காரர்களின் கூலியாட்களாகப் போய்வந்தார்கள்.

1950ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு சிறிய குழு இந்திய எல்லையிலுள்ள ஜோக்பனி ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. அமெரிக்க வழக்கறிஞர் ஆஸ்கர் ஹூஸ்டன், அவர் மகன் டாக்டர் சார்ல்ஸ் ஹூஸ்டன், பெட்ஸி கௌல்ஸ், ஆண்டர்சன் பேக்வெல், இவர்களோடு சேர்ந்துகொண்ட பிரிட்டிஷ் மலையேறி பில் டில்மன். தரானிலிருந்து மலைமேடுகளைக் குறுக்கே கடந்து சுமார் இரண்டு வாரம் நடந்து நாம்சே சேர்ந்தார்கள். கும்புவுக்குள் வந்த முதல் மேற்கத்தியக் குழு அது. சிகரம் ஏறுவது அவர்கள் திட்டத்தில் இல்லை. மூத்த ஹூஸ்டனுக்கு அந்த நாட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தெங்போச்சேயில் தங்கினார்கள். அங்கிருந்து டில்மனும் சார்ல்ஸ் ஹூஸ்டனும் மட்டும் மேலே போய், காலா பத்தர் என்று பின்னால் பெயர்பெற்ற கறுத்த மேட்டில் முடிந்தவரை ஏறி நின்று, கும்புப் பனியாறு உடைந்து விழும் இடத்தைப் பார்த்தார்கள். அவ்வழியே எவரெஸ்ட் ஏற முடியுமா என்று அவர்களுக்குச் சந்தேகம்தான். பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

எவரெஸ்ட் வரலாற்று நூல்கள் இதை ஒரு முன்னோட்டப் பயணமாக இரண்டு பத்தியில் சொல்லி நகர்ந்துவிடும். என் கணக்கில் முதல் ட்ரெக் அதுதான். ஊர்கள் வழியே நடந்து, மடாலயத்தில் தங்கி, காலா பத்தரில் ஏறி, மலையைப் பார்த்து, ஏறாமல் திரும்புதல். இன்றைக்கு நம் தாளில் இருப்பதில் ஒன்றும் குறையவில்லை. அடிவார முகாமிலிருந்து எவரெஸ்டின் உச்சி தெரியாது, பக்கத்து மலைத்தோள் மறைத்துவிடும். அதனால்தான் எல்லோரும் இருட்டில் எழுந்து காலா பத்தர் ஏறுகிறோம், அந்த இருவரும் நின்று பார்த்த அதே மேட்டுக்கு. சார்ல்ஸ் ஹூஸ்டனின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இந்தக் கதைக்குள் இன்னொரு வாசல் வழியாகத் திரும்ப வருவார்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 1951இல் பிரிட்டனின் ஷிப்டன் குழு அந்தப் பனி உடைவைத் தாண்டலாம் என்று கண்டது. 1952இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். கோரக் ஷெப் என்ற வறண்ட ஏரி மணலில் அவர்கள் கூடாரமடித்தார்கள். நம் அட்டவணையில் ஏறும் வழியின் கடைசி இரவு அந்த மணலின் ஓரத்தில்தான். 1953 மே 29 அன்று தென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றார்கள்.

அந்த 1953 பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி உச்சியில் நடந்ததல்ல. மார்ச் 10 அன்று காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பட்காவுனிலிருந்து 350க்கும் மேற்பட்ட சுமையாட்களோடு முதல் வரிசை புறப்பட்டது. சுமார் 17 நாள் நடை. வடக்கு தெற்காக விழும் மேடுகளை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு மேடு ஏறி ஓர் ஆற்றுக்கு இறங்கும் நடை. வழியெங்கும் படிக்கட்டு வயல், பூத்துச் சிவந்த ரோடோடென்ட்ரான் மரங்கள், மாலையில் கூடாரம், காலையில் கூடாரத்துக்கே வரும் தேநீர். வீரர்களுக்கு அது மலைக்கு முந்திய வெறும் வழிநடை.

அதையே தனியாக எடுத்துக் கொடுக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றியது. கூர்க்கா படையில் அதிகாரியாக இருந்த ஜிம்மி ராபர்ட்ஸ். 1953இல் பின்னால் வந்த ஆக்சிஜன் உருளைகளைத் தெங்போச்சேக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். வேலை முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் சுற்றி, மே 20 அன்று சென் தென்சிங் என்ற ஷெர்ப்பாவோடு மேரா சிகரம் ஏறினார். எவரெஸ்டுக்கு ஒன்பது நாள் முன்பு. 1963இல் அமெரிக்கக் குழு எவரெஸ்டுக்கு வந்தபோது 900க்கும் மேற்பட்ட சுமையாட்களை நடத்திச் சென்ற போக்குவரத்துப் பொறுப்பும் அவரிடம். ஒரு கூட்டத்தை மலைக்குள் எப்படி நடத்திப்போவது, எங்கே தங்கவைப்பது, ஆட்களுக்குத் தலைவராக, அதாவது சர்தாராக, யாரை வைப்பது, சமையல்காரருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை.

1964இல் காத்மாண்டுவில் மவுண்டன் டிராவல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஹாலிடே இதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார். 1965இல் மூன்று அமெரிக்கப் பெண்கள் வந்தார்கள், இளம் வயதைத் தாண்டியவர்கள். அவர்களை எவரெஸ்ட் பக்கம் அழைத்துப்போனார். காசு கொடுத்து நடக்க வந்த முதல் விருந்தாளிகள் அவர்கள். சிகரத்தைத் தவிர ஒரு மலையேற்றப் பயணத்தில் உண்டான எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன: கூடாரம், சமையல்காரர், சர்தார், சுமையாட்கள், விடிந்ததும் தேநீர். ட்ரெக் என்ற சொல் தென்னாப்பிரிக்க டச்சுக் குடியேறிகளின் மாட்டுவண்டிப் பயணத்திலிருந்து வந்தது. தமிழில் நாம் மலையேற்றம் என்கிறோம். ராபர்ட்ஸ் கண்டுபிடித்தது ஏற்றமே இல்லாத மலைப் பயணத்தைத்தான். நடை என்றே சொல்லலாம், அந்தச் சொல் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது.

அவருடைய யோசனை வேறொரு காலத்தில் வந்திருந்தால் மூன்று பேரோடு நின்றிருக்கலாம். ஆனால் அப்போது கும்புவில் மூன்று இழப்புகள் சேர்ந்து விழுந்திருந்தன. 1959க்குப் பிறகு திபெத் எல்லை இறுகியது. நாங்பா லா வழி வந்த வியாபாரம் சுருங்கி, நாம்சே வீடுகளின் பெரிய கிடங்கு அறைகள் வெறுமையாயின. குளிர்காலத்தில் மாடுகளைத் திபெத்தில் விட்டு மேய்க்கும் வழக்கமும் அற்றது. போதாததற்கு 1960களின் பிற்பாதியில் சில ஆண்டுகள் நேபாள அரசு சிகரம் ஏறுவதற்கே தடை போட்டுவிட்டது. வியாபாரமும் போய், மலையேற்ற வேலையும் போன ஊரில், வழி தெரிந்த ஆட்களும் காலிக் கிடங்குகளும் காலிக் குடிசைகளும் மிச்சம். அந்த நேரத்தில்தான் நடக்க வருகிறவர்கள் வந்தார்கள். ஷெர்ப்பாக்கள் கதவைத் திறந்தார்கள்.

லுக்லா இங்கே வருகிறது. 1961இல் ஊரார் கேட்டதற்கிணங்க ஹிலாரி கும்ஜுங்கில் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார். அடுத்து குண்டேயில் ஒரு மருத்துவமனை. தகரமும் மரச்சாமானும் மருந்துப்பெட்டியும் காத்மாண்டுவிலிருந்து மனித முதுகில் இரண்டு வாரத்துக்கு மேல் வர வேண்டும். விமானம் இறங்க ஓர் ஓடுதளம் இருந்தால் சுலபம். 1964இல் ஆற்றோரச் சமவெளியில் இடம் கேட்டார்கள். விளைநிலத்தைக் கொடுக்க விவசாயிகள் மறுத்துவிட்டார்கள். நியாயம்தானே, அந்த மலையில் சமதரை என்பது சோறு. கடைசியில் லுக்லா என்ற மேட்டில் ஒரு சரிவு நிலம் கிடைத்தது. ஆடு மேய்ந்த இடம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 2,650 டாலருக்கு வாங்கினார்கள்.

புதர் வெட்டி, கல் பெயர்த்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி ஊரே சேர்ந்து தளம் போட்டது. மண் இறுகவில்லை. சாலை உருளை அங்கே எப்படி வரும்? ஹிலாரி உள்ளூர் மது வாங்கி வைத்து ஆடச் சொன்னார். ஷெர்ப்பா ஆட்டம் தோளோடு தோள் சேர்த்துக் கை கோத்து வரிசையாக நின்று, பாட்டின் தாளத்துக்குத் தரையை மிதித்து ஆடுவது. அந்த வரிசை ஓடுதளத்தின் மேலும் கீழுமாக நகர்ந்து நகர்ந்து மண்ணைத் திமிசு போட்டதுபோல் இறுக்கிற்று. 2001இல் தார் போடும் வரை விமானங்கள் இறங்கியது அந்த மண்ணில். இன்றைக்கும் தளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவில் மேல்நோக்கி இறங்குகிற விமானம் அந்த ஏற்றத்திலேயே வேகம் குறைந்து நிற்கிறது.

மருந்துப்பெட்டிக்காகப் போட்ட தளத்தில் பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள். 17 நாள் நடை 40 நிமிடமாகச் சுருங்கியது. இது இப்படிப் பெருகும் என்று ஹிலாரி எதிர்பார்க்கவில்லை. பின்னாளில் வருந்தியும் இருக்கிறார். அவருக்கு விமானம் கொடுத்த வருத்தம் அதைவிடப் பெரிது. 1975 மார்ச் 31 அன்று, பாப்லுவில் அடுத்த மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த அவரிடம் வருவதற்காகக் காத்மாண்டுவில் சிறு விமானம் ஏறிய மனைவி லூயிஸும் மகள் பெலிண்டாவும், விமானம் கிளம்பிய உடனே விழுந்து இறந்தார்கள். மருத்துவமனையை அவர் கட்டி முடித்தார்.

இனி அந்த "மறுநாளும்" வரிகள்.

1953இல் 17 நாள் மேடு ஏறி மேடு இறங்கி வந்தவர்களின் உடம்பு, தெங்போச்சே வரும்போது உயரத்துக்குப் பாதி பழகியிருந்தது. லுக்லாவில் இறங்குகிறவனின் உடம்பு அன்று காலை வரை காத்மாண்டுவில் இருந்தது. அவன் கால் வேகமாகப் போகும். இரத்தம் அந்த வேகத்தில் வராது. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் அடிவார முகாமில் பாதிதான் கிடைக்கிறது. உடம்பு முதலில் மூச்சை வேகப்படுத்திப் பார்க்கும். அப்படி ஊதித் தள்ளுவதில் கரியமிலவாயு அளவுக்குமேல் வெளியேறி இரத்தம் காரமாகும். உடனே மூளை மூச்சைப் பிடித்து இழுக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று, திணறி எழுந்து, மறுபடி நிற்கும். அந்தக் காரத்தைச் சிறுநீரகம் கழித்துக் கொடுத்தால்தான் மூச்சு தாராளமாக ஓடும். அதற்குச் சிறுநீரகம் இரண்டு மூன்று நாள் கேட்கிறது. கொடுக்காமல் ஏறினால் சிலருக்கு நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, மூச்சில் களகளவென்று சத்தம் வரும். சிலருக்கு மூளை வீங்கிக் குடித்தவர்போல் நடை தள்ளாடும். உடனே கீழே இறக்கினால் பிழைப்பார்கள். விடியட்டும் என்று காத்திருந்தவர்கள் பலர் விடியலைப் பார்க்கவில்லை.

இந்த நுரையீரல் நீர்க்கோவையைப் பெரு நாட்டு மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். ஆங்கில மருத்துவ உலகத்துக்கு 1960இல் அதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஒருவர்: 1950இல் காலா பத்தரில் நின்றாரே, அதே சார்ல்ஸ் ஹூஸ்டன். அதற்கடுத்து, 1962 போரின்போது சமவெளியிலிருந்து நேரே விமானத்தில் இமயத்துக்கு ஏற்றப்பட்ட இந்தியச் சிப்பாய்களிடம் இந்த நோயை இந்திய ராணுவ மருத்துவர்கள் கூட்டங்கூட்டமாகக் கண்டார்கள். இந்தர் சிங்கும் அவர் சகாக்களும் 1,925 சிப்பாய்களின் நிலையை ஆராய்ந்து 1969இல் எழுதிய கட்டுரையை உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது.

லுக்லாவில் இறங்கியவர்களில் சிலர் மேலே சாகத் தொடங்கியதும், 1973இல் இமாலய மீட்புச் சங்கம் உருவாயிற்று. 4,200 மீட்டருக்கு மேலே பெரிச்சேயில் உதவி நிலையம் திறந்தார்கள். எங்கே? ஒரு யாக் குடிசையில். பீட்டர் ஹாக்கெட் என்ற இளம் மருத்துவர் அங்கே தங்கி, அடிவார முகாமுக்குப் போகும் வழியில் வந்த 278 பேரைக் கேட்டும் சோதித்தும் எழுதிவைத்தார். 1976இல் லான்செட் இதழில் அது வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உயர நோய். நடந்தே வந்தவர்களைவிட விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அதிகம். வழியில் கூடுதல் இரவு தங்கிப் பழகியவர்களுக்குக் குறைவு. நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயிலோ பெரிச்சேயிலோ இரண்டு இரவு என்ற வழக்கம் இப்படி வேரூன்றியது. லுக்லா பறித்துக்கொண்ட நாட்களில் இரண்டை அந்தக் குடிசை திருப்பி வாங்கித் தந்தது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. உயரத்தில் பிறந்து வளர்ந்த ஷெர்ப்பாக்களின் உடம்பு தலைமுறைகளாக அந்தக் காற்றுக்குப் பழகியது. ஆனால் வழியில் நம் பையைச் சுமப்பவர்களில் பலர் ஷெர்ப்பாக்கள் அல்ல. கீழ்மலைகளிலிருந்து வரும் ராய், தாமாங், மகர் இளைஞர்கள். அவர்கள் உடம்பும் நம் உடம்பைப்போலத்தான். அவர்களுக்கும் தலை வலிக்கும், அவர்கள் நுரையீரலும் நிறையும். கூலி போய்விடும் என்று வாய்திறக்காமல் ஏறுவார்கள். நாம்சே ஏற்றத்தில் ஓர் இளைஞன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். முதுகில் டோக்கோ என்கிற மூங்கில் கூடை. அதைத் தாங்கும் நாம்லோப் பட்டை நெற்றியில். கழுத்து நரம்பு இரண்டும் கயிறுபோல் புடைத்திருந்தன. நாற்பது ஐம்பது அடிக்கொருதரம் நிற்பான். கையிலுள்ள தோக்மா என்ற குட்டைக் கோலைப் பின்னால் கொடுத்துக் கூடையின் அடியில் முட்டுக்கொடுப்பான். கூடை கோலில் உட்கார்ந்ததும் தலையைச் சற்றே தளர்த்தி, உதட்டைக் குவித்து நீளமாக ஒரு சீழ்க்கை மூச்சு விடுவான். எண்ணி ஏழெட்டு மூச்சு. கோலை எடுத்துவிட்டு மறுபடி நடப்பான். நெற்றியில் பட்டை அழுத்திய இடத்தில் முடி தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. அவன் கால்வைத்த கல்லில் கால்வைத்தே நானும் ஏறினேன். அந்த ஏற்றத்தில் எனக்குத் தலைவலி வராததற்கு அவனுடைய நிதானம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

1976இல் இந்தப் பகுதி சாகர்மாதா தேசியப் பூங்காவாயிற்று, 1979இல் யுனெஸ்கோ உலக மரபிடம். 1980களின் நடுவில் ஜிரி வரை சாலை வந்து, நடந்தே வர நினைப்பவர்களின் பாதையையும் வெட்டிச் சுருக்கியது. தேநீர்க் கடையாகத் தொடங்கிய குடிசைகள் லாட்ஜுகளாக வளர்ந்தன. 1960களின் நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் வந்தவர்கள், 2018-19இல் 57 ஆயிரம் பேரானார்கள். பனியாறுகள் பின்வாங்கிய இடங்களில் ஏரிகள் தேங்கின. 1985இல் டிக் சோ ஏரி உடைந்து, கட்டி முடிக்கும் தறுவாயிலிருந்த நீர்மின் நிலையத்தை அடித்துக்கொண்டு போயிற்று. டிங்போச்சேக்கு மேலுள்ள இம்ஜா ஏரி உடையாமலிருக்க 2016இல் வாய்க்கால் வெட்டி மூன்று மீட்டருக்கு மேல் நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். 2024 ஆகஸ்டில் தென்சிங் வளர்ந்த தாமே கிராமத்தின் மேல் வெள்ளம் பாய்ந்து பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் கொண்டுபோனது. இப்போது லுக்லாவுக்குக் கீழே உள்ள ஊர்களை நோக்கி ஜீப் பாதை ஏறிவந்துகொண்டிருக்கிறது. தாளில் இன்னும் சில வரிகள் மாறும்.

டிங்போச்சேயில் முதல் நாள் மாலை. நான் தங்கிய லாட்ஜின் வெளிச்சுவர் நெடுக வட்ட வட்டமாக யாக் சாணம் தட்டிக் காயவைத்திருந்தது. நம் ஊர் வறட்டியேதான், நடுவில் ஐந்து விரல் பதிவு உட்பட. அந்த உயரத்தில் மரம் கிடையாது. லாட்ஜ்கார அக்கா, அங்கே தீதி என்பார்கள், காய்ந்தவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்து முறத்தில் அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சாப்பாட்டு அறை நடுவிலிருந்த இரும்பு அடுப்பின் மூடியைத் திறந்து இரண்டைப் போட்டார். புகை கொஞ்சம், பிறகு சீரான சூடு. உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட ரிகிகுர் அடையும், அதன்மேல் நாக் வெண்ணெயும் தட்டில் வந்தன.

இந்த அறை முன்பு என்னவாக இருந்தது தீதி என்று கேட்டேன். பாட்டி காலத்தில் நாக்குகளைக் கட்டிய இடம் என்றார். பாட்டி ஆனி ஆடியில்தான் இங்கே இருப்பாராம். பார்லி அறுத்ததும் கதவைக் கட்டிவிட்டுப் பாங்போச்சேக்கு இறங்கிவிடுவாராம். பேத்தி கதவைத் திறப்பதே பாட்டி கட்டிவிட்டுப் போகிற மாதத்தில். சுவர் அதே சுவர், கூரை மட்டும் தகரமாகியிருக்கிறது.

தட்டை எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். தலை வலிக்கிறதா என்றார். லேசாக என்றேன். நாளைக்கு மேலேயா, இங்கேயா?

இங்கேதான் தீதி என்றேன். அடுப்பு மூடியைத் திறந்து இன்னொரு வறட்டியைப் போட்டார்.